கண் அரிப்புக்கு வழி கண்டவர்

டானியல் போவேயின் வாழ்க்கை வரலாறு

கூடுவாஞ்சேரி ரெயில் நிலையம். மாலை நேரம். தாம்பரம் பக்கத்தில் இருந்து வந்த மின்சார ரெயில் நிற்கிறது. கூட்டம் இறங்குகிறது.

ஒரு தாயும், அவளுடைய எட்டு வயது மகனும் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வருகிறார்கள். லாரிகளும் பஸ்களும் வரிசையாகப் போகின்றன. புழுதி எழுகிறது. பையன் இரண்டு கைகளாலும் கண்களைக் கசக்குகிறான். கசக்கக் கசக்க அரிப்பு கூடுகிறது. கண் சிவக்கிறது. நீர் கொட்டுகிறது. இமை வீங்குகிறது.

"மெட்ராஸ் ஐ" வந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் வந்தவர்கள் விலகி நடக்கிறார்கள். ஆனால் பையனுக்கு வந்திருப்பது மெட்ராஸ் ஐ அல்ல. அது ஒருவரிடம் இருந்து மற்றவருக்குத் தொற்றும். இது தொற்றாது. இதற்குப் பெயர் கண் அலர்ஜி. தூசி, பூவின் மகரந்தம், காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடி, பூனையின் ரோமம், மெத்தையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, இப்படி ஏதாவது ஒன்று சிலருடைய கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் வருவது.

தாய் ரோட்டோரத்து மருந்துக் கடைக்குப் போகிறாள். பையனின் கண்ணைக் காட்டி, சொட்டு மருந்து கேட்கிறாள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறு பாட்டில் அவள் கைக்கு வருகிறது.

அதில் என்ன மருந்து இருக்கிறது? அதைப் பொறுத்துத்தான் அந்தப் பையனின் பார்வை இருக்கிறது!

இரண்டு பாட்டில்கள்

கண் அரிப்புக்கு என்று கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் முக்கியமானவை இரண்டு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பது வேறு வேறு.

ஒன்று, ஸ்டீராய்டு கலந்தது. இதை விட்டால் சிவப்பும் அரிப்பும் சட்டென்று அடங்கும். அதிசயமான மருந்து என்று தோன்றும். டாக்டர் பார்த்துக் கொடுத்து, அவர் சொன்ன நாளோடு நிறுத்தினால் நல்ல மருந்துதான். ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? பாட்டிலை அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். அரிப்பு வரும்போதெல்லாம் விடுகிறார்கள். காலியானால் பழைய பாட்டிலைக் காட்டி, புதிது வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் சில பேருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. வலி இருக்காது. சத்தம் இல்லாமல் பார்வை நரம்பு கருகுகிறது. சில பேருக்குச் சிறு வயதிலேயே கண்புரை விழுகிறது. புரையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். கருகிய நரம்பை எந்த டாக்டராலும் உயிர்ப்பிக்க முடியாது.

அரிப்புக்குப் போய், கண்ணையே கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. கண் ஆஸ்பத்திரி டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு வகை, "ஆண்டிஹிஸ்டமின்" சொட்டு மருந்து. இது ஸ்டீராய்டு அல்ல. கண்ணின் அழுத்தத்தை அதைப்போல ஏற்றுவதில்லை. சாதாரணக் கண் அலர்ஜிக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுப்பது இதுதான்.

இந்த வகை மருந்துக்கு வழி கண்டவர் கண் டாக்டர் அல்ல. டாக்டர் படிப்பே படிக்காதவர். விலங்கியல் படித்தவர். கண் மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

அவர் பெயர் டானியல் போவே.

வாத்தியார் மகன்

சுவிட்சர்லாந்து நாட்டில் நூசாட்டல் என்று ஒரு ஊர். ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த ஊரில் 1907-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி டானியல் போவே பிறந்தார்.

அவருடைய தகப்பனார் பியர் போவே ஒரு பேராசிரியர். பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆராய்வதுதான் அவருடைய வேலை. 1912-ல் ஜெனீவா நகரில் ரூசோவின் பெயரால் ஒரு கல்விக் கழகம் தொடங்கினார்கள். அதற்கு பியர் போவே தலைவரானார். குடும்பமும் ஜெனீவாவுக்குப் போயிற்று.

அந்த வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. உலகம் முழுவதுக்கும் ஒரு பொது மொழி வேண்டும் என்று ஒருவர் முயன்று உண்டாக்கிய மொழி எஸ்பெராண்டோ. தகப்பனாருக்கு அந்த மொழியில் அளவு கடந்த பற்று. அதனால் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியோடு எஸ்பெராண்டோவையும் வீட்டிலேயே பேசி வளர்ந்தார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாத மொழியைத் தொட்டிலிலேயே கேட்ட பிள்ளை, பிற்காலத்தில் மூன்று நாடுகளில் வாழ்ந்தது பொருத்தம்தான்.

டானியல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1927-ல் பட்டம் பெற்றார். 1929-ல் விலங்கியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது வயது 22.

அதே ஆண்டு பாரிஸ் நகரில் வேலை கிடைத்தது. வெறிநாய்க் கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டரின் பெயரால் அமைந்த பாஸ்டர் கழகத்தில்! அங்கே மருந்து ரசாயனப் பிரிவுக்குத் தலைவர் எர்னஸ்ட் பூர்னோ. புதுப் புது ரசாயனங்களைச் செய்வதில் கெட்டிக்காரர். அவருடைய ஆட்கள் செய்யும் ரசாயனங்களைப் பிராணிகளுக்குக் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பது போவேயின் வேலை.

ஆயிரக்கணக்கான ரசாயனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணுக்குப் பின்னால், தலைவர் பூர்னோவின் பெயரில் முதல் எழுத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

சிவப்புச் சாயத்தின் ரகசியம்

1935-ல் ஜெர்மனியில் இருந்து ஒரு செய்தி வந்தது. டோமாக் என்ற விஞ்ஞானி "புரோண்டோசில்" என்ற மருந்தை வெளியிட்டார். அது ஒரு சிவப்புச் சாயம். கொடிய கிருமி ஏறிய எலிகள் அதனால் பிழைத்தன. பிறகு மனிதர்களும் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் பென்சிலின் கிடையாது. சீழ் பிடித்த புண்ணும், பிரசவத்துக்குப் பின் வரும் ஜுரமும் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம்.

ஆனால் ஒரு புதிர் இருந்தது. எலியின் உடம்புக்குள் கிருமியைக் கொன்ற அந்தச் சாயம், கண்ணாடிக் குழாயில் அதே கிருமியின் மேல் ஊற்றினால் ஒன்றும் செய்யவில்லை.

பாரிசில் போவேயும், டிரேபுவேல் தம்பதியும், பெடரிகோ நிட்டி என்ற இத்தாலியரும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். அதே ஆண்டின் கடைசியில் விடை கிடைத்தது. உடம்புக்குள் போனதும் சாயம் இரண்டாக உடைகிறது. ஒரு பாதிதான் வேலை செய்கிறது. அந்தப் பாதிக்கு நிறமே இல்லை! சிவப்புக்கும் நோய் தீர்வதற்கும் சம்பந்தமே இல்லை.

நிறம் இல்லாத அந்தப் பொருளுக்கு "சல்பானிலமைடு" என்று பெயர். அது புதிய பொருளும் அல்ல. 1908-லேயே ஒருவர் செய்து வைத்திருந்தார். ஆகவே அது யாருடைய ஏகபோக உரிமையிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், மலிவாக விற்கலாம். இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ சிப்பாய்களின் காயத்தில் கொட்டப்பட்டது இந்தத் தூள்தான். நம் ஊரில் பெரியவர்கள் "சல்பா மாத்திரை" என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான்.

போவேக்கு அப்போது வயது 28. இதோடு நின்றிருந்தாலே மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் இருந்திருக்கும்.

உடம்பில் ஒளிந்திருக்கும் பொருள்

இனி அரிப்புக் கதைக்கு வருவோம்.

குளிர் நாடுகளில் "ரை" என்ற தானியம் விளையும். அதன் கதிரில் ஒரு கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தின்றவர்களுக்கு வலிப்பு வரும், விரல்கள் அழுகும். இங்கிலாந்தில் ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி அந்தப் பூஞ்சணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் இருந்து கிடைத்த பொருள்களில் ஒன்று ஹிஸ்டமின். 1910-ல் அவரும் லெய்ட்லா என்பவரும் அதைப் பிராணிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் விழுந்தது. மூச்சுக் குழாய் இறுகியது. ஒத்துக்கொள்ளாத பொருளை ஊசியில் போட்டால் பிராணிகள் எப்படித் துடிக்குமோ, அப்படியே துடித்தன.

1927-ல் இன்னும் பெரிய ஆச்சரியம். இந்த ஹிஸ்டமின் பூஞ்சணத்தில் மட்டும் இல்லை. நம் உடம்பிலேயே இருக்கிறது என்று டேலும் அவருடைய கூட்டாளிகளும் நிரூபித்தார்கள்.

ஆம். கூடுவாஞ்சேரிப் பையனின் கண்ணை அரிக்க வைப்பது ரோட்டுத் தூசி நேராகச் செய்யும் வேலை அல்ல. அவன் கண்ணின் மெல்லிய சவ்வில் சில அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஹிஸ்டமின் நிரப்பிய பை போன்றது. ஒத்துக்கொள்ளாத மகரந்தமோ தூசியோ பட்டதும் பை வெடித்துக் கொட்டுகிறது. ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டால் அரிப்பு. ரத்தக் குழாயைத் தொட்டால் அது விரிந்து கண் சிவக்கிறது. குழாயில் இருந்து நீர் கசிந்து இமை வீங்குகிறது. கசக்கினால் இன்னும் சில பைகள் உடையும். அதனால்தான் கசக்கக் கசக்க அரிப்பு கூடுகிறது.

இங்கேதான் போவே ஒன்றைக் கவனித்தார்.

நம் உடம்பு தானே செய்துகொள்ளும் பொருள்களில் அட்ரினலின் உண்டு. அசிட்டைல்கோலின் உண்டு. அவற்றின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் அப்போதே தெரிந்திருந்தன. ஹிஸ்டமினுக்கு மட்டும் தடை மருந்து எதுவும் இல்லை. ஏன் இருக்கக் கூடாது? கேள்வி இவ்வளவுதான். பெரிய பெரிய மேதைகளின் கண்ணில் படாமல் இருந்த கேள்வி.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

தடை மருந்து எப்படி வேலை செய்கிறது? நமக்குத் தெரிந்த காட்சியை வைத்தே சொல்லலாம்.

பஸ் வந்து நிற்கிறது. ஏறுவதற்கு முன்பே ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறார். துண்டு பயணம் செய்யப்போவதில்லை. டிக்கெட்டும் எடுக்காது. ஆனால் அது கிடக்கும் வரை வேறு யாரும் அந்த இடத்தில் உட்கார முடியாது.

ஹிஸ்டமின் வந்து உட்காருவதற்கு நரம்பிலும் ரத்தக் குழாயிலும் இடங்கள் இருக்கின்றன. உட்கார்ந்தால்தான் அரிப்பு. தடை மருந்து முன்னால் போய் அந்த இடத்தில் துண்டைப் போட்டுவிடுகிறது. ஹிஸ்டமின் வருகிறது, இடம் இல்லை, அலைந்து கரைந்துபோகிறது.

அந்தத் துண்டைத் தேடித்தான் போவே புறப்பட்டார்.

929

1937-ம் ஆண்டு. போவேக்கு உதவியாக ஆன் மரி ஸ்டோப் என்ற இளம் பெண் ஆராய்ச்சிசாலையில் சேர்ந்திருந்தார். இருவரும் கினிப் பன்றிகளை எடுத்துக்கொண்டார்கள். பெயர்தான் பன்றி. முயல்குட்டி அளவுள்ள சாதுவான பிராணி. ஹிஸ்டமினை அதனால் கொஞ்சமும் தாங்க முடியாது. சிறிது செலுத்தினாலே மூச்சு அடைத்துச் செத்துவிடும்.

அலமாரியில் இருந்த ரசாயனங்களை ஒவ்வொன்றாக முதலில் கொடுத்தார்கள். பிறகு, கொல்லக்கூடிய அளவு ஹிஸ்டமினைச் செலுத்தினார்கள்.

செத்தது. செத்தது. செத்தது.

929 என்று எண் போட்ட ரசாயனத்தைக் கொடுத்தபோது கினிப் பன்றி சாகவில்லை!

உலகத்தின் முதல் ஆண்டிஹிஸ்டமின் அதுதான். அதன் முழுப் பெயரை இங்கே எழுதினால் ஒரு வரி போய்விடும். விட்டுவிடுவோம்.

இந்த இடத்தில் மற்றக் கதைகளில் எல்லாம் கைதட்டல் கேட்கும். போவேயின் கதையில் கேட்கவில்லை. காரணம், 929 மனிதனுக்குக் கொடுக்க லாயக்கற்றது. அது ஹிஸ்டமினைத் தடுத்தது; ஆனால் அதுவே நஞ்சாக இருந்தது. கினிப் பன்றியைக் காப்பாற்றிய பொருளை மனிதனுக்குக் கொடுக்க முடியவில்லை.

ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதுதான் முக்கியம். கிணறு தோண்டுகிறவனுக்கு ஈர மண் தெரிந்தது மாதிரி. போவே விடவில்லை. ஒரு மூலக்கூறின் வாலை வெட்டிப் பார்ப்பது, இன்னொன்றின் தலையை ஒட்டிப் பார்ப்பது, மறுபடி கினிப் பன்றி. 1937-ல் இருந்து 1941 வரை சுமார் 3,000 பரிசோதனைகள்!

இந்த நான்கு ஆண்டுகளில் எப்படிப்பட்ட பாரிசில் அவர் இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நாடு கடந்து வந்த குடும்பம்

சல்பா மருந்து ஆராய்ச்சியில் பெடரிகோ நிட்டி என்று ஒருவர் பெயர் வந்ததே, அவருக்கு ஒரு தங்கை. பெயர் பிலோமினா. இவர்களின் தகப்பனார் பிரான்செஸ்கோ நிட்டி சாதாரண ஆள் அல்ல. 1919, 1920-ம் ஆண்டுகளில் இத்தாலியின் பிரதம மந்திரியாக இருந்தவர். முசோலினி ஆட்சிக்கு வந்ததும் அவரை எதிர்த்தார். நாட்டில் இருக்க முடியவில்லை. 1924-ல் குடும்பத்தோடு வெளியேறினார். கடைசியில் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

பிலோமினாவும் விஞ்ஞானம் படித்தவர். பாஸ்டர் கழகத்தில் வேலைக்கு வந்தார். டானியலும் பிலோமினாவும் 1938-ல் திருமணம் செய்துகொண்டார்கள். அன்று முதல் வீட்டிலும் ஆராய்ச்சிசாலையிலும் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். போவேயின் பல கட்டுரைகளில் மனைவியின் பெயரும் இருக்கிறது. 1948-ல் வெளியான அவருடைய பெரிய மருந்து நூலிலும் இருவர் பெயரும் உண்டு. பிற்காலத்தில் வந்த பரிசில் மட்டும் ஒரு பெயர்தான் இருந்தது. இது சரியா என்று கேட்கத் தோன்றுகிறது.

1940 ஜூன் மாதம் ஜெர்மன் படை பாரிசுக்குள் புகுந்தது. அந்தக் காலத்திலும் பரிசோதனை நிற்கவில்லை. 1943-ல் மாமனார் நிட்டியை ஜெர்மானியர் கைது செய்தார்கள். ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். போர் முடிந்த 1945-ல்தான் அவர் வெளியே வந்தார். மகளும் மருமகனும் அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நாமே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மனிதனுக்கு வந்த மருந்து

போவே திறந்துவிட்ட வழியில் மற்றவர்களும் நடந்தார்கள். பிரான்சில் ரோன்-பூலாங் என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அங்கே பெர்னார்ட் ஹால்பெர்ன் என்ற விஞ்ஞானி 1942-ல் "ஆண்டர்கன்" என்ற மருந்தை வெளியிட்டார். மனிதனுக்குக் கொடுக்க முடிந்த முதல் ஆண்டிஹிஸ்டமின் அது. முதலில் வழி காட்டியவர் போவே; முதலில் நோயாளியின் கையில் கொடுத்தவர் ஹால்பெர்ன்.

1944-ல் போவேயும் அந்தக் கம்பெனியின் ரசாயன நிபுணர்களும் சேர்ந்து இன்னும் நல்ல மருந்து ஒன்றைச் செய்தார்கள். அதன் பெயர் மெபிரமின். அமெரிக்காவிலும் ஒரு மருந்து பிறந்தது. அதுதான் பெனட்ரில். நம் வீடுகளில் இருமல் மருந்தாகத் தெரிந்த அதே பெயர். பூச்சி கடித்து உடம்பு தடித்தால் கொடுக்கும் "அவில்" மாத்திரையும் இதே வம்சம்தான். செட்ரிசின் அதற்குப் பின்னால் வந்த தலைமுறை.

அவில் போட்டவர்களுக்கு ஏன் தூக்கம் வருகிறது? மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, மூளைக்கும் போகிறது. மூளையில் ஹிஸ்டமின்தான் நம்மை விழித்திருக்கச் செய்யும் பொருள்களில் ஒன்று. அங்கேயும் துண்டு விழுந்துவிடுகிறது. கண் சாத்திக்கொள்கிறது. பழைய மாத்திரைகளில் இந்தத் தொல்லை அதிகம். புதியவற்றில் குறைவு.

கண்ணில் மட்டும் அரிப்பு என்றால் உடம்பு முழுவதும் மருந்து எதற்கு? கண்ணிலேயே விட்டால் போதாதா? இந்த யோசனை சீக்கிரமே வந்தது. ஆண்டசோலின் என்ற ஆண்டிஹிஸ்டமினைச் சொட்டு மருந்தாக்கினார்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தையும் அதோடு கலந்து விற்றார்கள். சிவப்பு சட்டென்று குறையும். ஆனால் சுருக்கும் மருந்தைத் தொடர்ந்து விட்டால், நிறுத்தியதும் கண் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். அது சில நாளைக்கு மட்டும் ஏற்றது.

1990-களில் நல்ல மருந்துகள் வந்தன. ஓலோபடடின், கீட்டோடிபென் என்று பெயர். இவை இரண்டு வேலை செய்கின்றன. துண்டு போட்டு இடம் பிடிக்கின்றன. ஹிஸ்டமின் நிரம்பிய பைகள் உடையாமலும் காக்கின்றன. சில நிமிஷங்களில் அரிப்பு குறையத் தொடங்கும். பல மணி நேரம் தாங்கும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் இவை இருக்கின்றன.

சொட்டு மருந்து விடும் விதம்

மருந்து நல்லதாக இருந்தாலும் விடுகிற முறை தெரிய வேண்டும். நம் வீடுகளில் பாதி மருந்து கன்னத்தில்தான் வழிகிறது!

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலையை அண்ணாந்து, கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சிறு பை மாதிரி குழி விழும். அதில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடம் இல்லை, அது வீண். பாட்டிலின் மூக்கு கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு விட வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் லென்ஸைத் திரும்பப் போடலாம்.

சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண் மேல் வைத்தால் அரிப்பு தணியும். காசு செலவு இல்லை. தாய்ப்பால் பீய்ச்சுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது எல்லாம் பாட்டி காலத்துப் பழக்கம். அன்பால் செய்ததுதான். ஆனால் கண்ணுக்குள் கிருமி போக அதுவே வழியாகிவிடும்.

கண் வலித்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, ஒரே கண் மட்டும் சிவந்தாலோ, அது வெறும் அலர்ஜி என்று இருந்துவிடக் கூடாது. உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். ஐந்து வயதில் இருந்து பதினைந்து வயது வரை, ஆண் பிள்ளைகளுக்கு அதிகமாக, வெயில் காலத்தில் கடுமையான ஒரு வகைக் கண் அலர்ஜி வரும். அதற்கு டாக்டரே ஸ்டீராய்டு எழுத வேண்டி வரலாம். அப்போது கண்ணின் அழுத்தத்தை அவர் அளந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த அளவைக் கடையில் பார்க்க முடியாது.

மருந்துக் கடையில் பாட்டிலை வாங்கியதும், இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பெட்டியிலேயே மருந்தின் பெயர் இருக்கும். டெக்சாமெதசோன், பிரட்னிசொலோன், பீட்டாமெதசோன், லோட்டிபிரட்னால், புளோரோமெதலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆங்கிலம் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம்.

ரோமாபுரியில்

போர் முடிந்தது. 1947-ல் ரோம் நகரில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே அரசாங்கப் பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில், மருந்து ஆராய்ச்சிக்குத் தனிப் பிரிவு தொடங்க வேண்டும் என்று கேட்டார்கள். பிலோமினாவுக்கு அது பிறந்த நாடு. போவே ஒப்புக்கொண்டார். இத்தாலியக் குடிமகனும் ஆனார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது அம்பு விஷத்தை! தென் அமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு முனையில் "குராரே" என்ற விஷத்தைத் தடவி வேட்டையாடுவார்கள். பட்ட பிராணியின் தசைகள் தளர்ந்துபோகும். ஆபரேஷன் செய்யும்போது நோயாளியின் தசை தளர்ந்திருந்தால் டாக்டருக்கு வசதி. ஆனால் இயற்கை விஷத்தின் அளவு ஒரே மாதிரி இருக்காது. போவே அதைப்போலவே வேலை செய்யும் செயற்கை மருந்துகளைச் செய்தார். அவர் வழியில் வந்த சக்சினைல்கோலின் என்ற மருந்தை மயக்க டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

1957-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு டானியல் போவேக்குக் கிடைத்தது. பங்கு போட்டுக்கொள்ள வேறு ஆள் இல்லை; முழுப் பரிசும் அவருக்கே. உடம்பில் ஊறும் பொருள்களின் வேலையைத் தடுக்கும் செயற்கை மருந்துகளைக் கண்டதற்காக என்று பரிசுக் குழு அறிவித்தது. ஸ்டாக்ஹோம் நகரில் டிசம்பர் மாதம் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 50. கினிப் பன்றி பிழைத்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பரிசு வாங்கியவர்கள் பலர் அதன் பிறகு மேடைகளில் மாலை வாங்குவதோடு நின்றுவிடுவார்கள். போவே புதிய பாடம் படிக்கப் போனார். மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன, எலிகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன, ஒன்றுக்கு ஏன் சீக்கிரம் வருகிறது, இன்னொன்றுக்கு ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தார். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று தகப்பனார் ஆராய்ந்தார் அல்லவா? மகன் 50 வயதுக்கு மேல் அந்தப் பக்கமே திரும்பினார்.

1964-ல் சார்டினியா தீவில் உள்ள சசாரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பிறகு ரோமுக்கே திரும்பினார். 1971-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் உளவியலும் உயிரியலும் சேர்ந்த துறைக்குப் பேராசிரியராகி, 1982 வரை வேலை பார்த்தார். வேலையை விட்டபோது வயது 75.

1992-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி ரோம் நகரில் டானியல் போவே காலமானார். வயது 85. பிலோமினா இரண்டு ஆண்டுகள் கழித்து, 1994-ல் இறந்தார். ஓலோபடடின் சொட்டு மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது 1996-ல். அந்தச் சிறு பாட்டிலை இருவருமே பார்க்கவில்லை.